ஆணையிடாமலே வலுப்பெற்ற நீதிமன்றம்: ஜான் மார்ஷல் காலத்துத் தீர்ப்புகள் (விவாத இழை)

தாமிரபரணி எழுதியது:

போட்டித் தேர்வு நூல்களில் "மார்பரி எதிர் மாடிசன், 1803, நீதிப்புனராய்வு" (அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கும் அதிகாரம்) என்று ஒற்றை வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த வரிக்குப் பின்னால் நடந்ததை விரிவாகப் பேச ஓர் இழை வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆரம்பித்து வைக்கிறேன்.

அன்றைய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. முதல் தலைமை நீதிபதி ஜான் ஜே, 1795இல் நியூயார்க் ஆளுநராகப் போவதற்காக அந்தப் பதவியையே உதறினார். 1800 கடைசியில் அதிபர் ஜான் ஆடம்ஸ் அவரைத் திரும்ப அழைத்தபோது, இந்த நீதிமன்றத்துக்கு வலுவும் இல்லை, கௌரவமும் இல்லை என்று சொல்லி மறுத்தார். தலைநகர் வாஷிங்டனுக்கு மாறியபோது அதிபருக்கு மாளிகை இருந்தது, காங்கிரஸுக்கு (அவர்களுடைய நாடாளுமன்றம்) கட்டடம் இருந்தது, நீதிபதிகளுக்கு ஒன்றுமில்லை. காங்கிரஸ் கட்டடத்திலேயே ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்கென்று சொந்தக் கட்டடம் வந்தது 1935இல்தான்.

ஜே வேண்டாம் என்ற இடத்துக்கு வந்தவர் ஜான் மார்ஷல். 1801 முதல் 1835இல் இறக்கும்வரை 34 ஆண்டுகள் இருந்தார்.

1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்று, தாமஸ் ஜெஃபர்சன் வென்றார். பதவியேற்பு 1801 மார்ச் 4. இடையில் கிடைத்த வாரங்களில் ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி புதுச் சட்டங்கள் போட்டு, புது நீதிபதி இடங்களை உண்டாக்கி, தன் ஆட்களை நிரப்பியது. தலைநகர்ப் பகுதிக்கு மட்டும் 42 சமாதான நீதிபதிகள் (சிறு வழக்குகளைப் பார்ப்பவர்கள்). கடைசி இரவுவரை நியமன ஆணைகளில் கையெழுத்து ஓடியது. முத்திரை வைக்க வேண்டியவர் வெளியுறவுச் செயலர். அந்த நாற்காலியிலும் இருந்தவர் இதே மார்ஷல்தான். தலைமை நீதிபதியான பிறகும் ஒரு மாதம் இரண்டு வேலையும் பார்த்தார். ஆணைகளை வீடு வீடாகக் கொடுக்கப் போனவர்களில் ஒருவர் அவருடைய தம்பி ஜேம்ஸ் மார்ஷல். எல்லாவற்றையும் எடுத்துப்போக வசதிப்படாமல் சிலவற்றைத் திருப்பி வைத்துவிட்டதாகப் பின்னால் வாக்குமூலம் கொடுத்தார்.

மேசையில் கிடந்த அந்த ஆணைகளைக் கொடுக்க வேண்டாம் என்று ஜெஃபர்சன் தடுத்துவிட்டார். கிடைக்காதவர்களில் ஒருவர் வில்லியம் மார்பரி. அவரும் வேறு மூன்று பேரும், புதிய வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் மாடிசன் ஆணையைத் தர வேண்டும் என்று மேண்டமஸ் (அதிகாரி தன் கடமையைச் செய்யச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு) கேட்டு நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஜெஃபர்சன் கட்சிக்கு வந்த கோபத்தில், 1802இல் காங்கிரஸ் ஃபெடரலிஸ்டுகள் போட்ட அந்தப் புது நீதிமன்றச் சட்டத்தை ரத்து செய்தது. நீதிமன்றம் கூடும் காலத்தையும் மாற்றியது. 1803 பிப்ரவரிவரை நீதிபதிகளால் உட்காரவே முடியவில்லை.

மார்ஷலின் நிலையை யோசித்துப் பாருங்கள். "ஆணையைக் கொடு" என்றால் மாடிசன் அந்த உத்தரவைத் தூக்கிப் போட்டிருப்பார். காவலரை அனுப்பி நிறைவேற்றும் பலம் நீதிமன்றத்துக்கு இல்லை. "கொடுக்க வேண்டாம்" என்றால் பயந்துவிட்டார்கள் என்று நாடு பேசும். 1803 பிப்ரவரி 24 அன்று அவர் மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டார். மார்பரிக்கு அந்தப் பதவி மேல் உரிமை உண்டா? உண்டு, கையெழுத்தும் முத்திரையும் விழுந்ததுமே உரிமை வந்துவிட்டது. உரிமை பறிபோனால் சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு, அமைச்சரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். அந்தப் பரிகாரத்தை இந்த நீதிமன்றத்தில் நேரடியாகக் கேட்க முடியுமா? இங்கேதான் திருப்பம். 1789 நீதித்துறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் எந்தெந்த வழக்குகள் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு வரலாம் என்பதை அரசியல் சட்டமே வரையறுத்துவிட்டது. காங்கிரஸ் அதற்கு மேல் கூட்டிக் கொடுக்க முடியாது. ஆகவே அந்தப் பிரிவு செல்லாது, மனு தள்ளுபடி. சட்டம் எது என்று சொல்வது நீதித்துறையின் வேலை, கடமை என்று அழுத்தமாக எழுதினார்.

மார்பரிக்குப் பதவி கிடைக்கவில்லை. மாடிசன் எதையும் செய்ய வேண்டியதில்லை. ஜெஃபர்சனுக்கு எரிச்சல், ஆனால் மீறுவதற்கு நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லை. காங்கிரஸ் சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் மட்டும் நீதிமன்றத்தின் கைக்கு வந்துவிட்டது.

என் கட்சி இதுதான்: எதிராளி எதையும் செய்யத் தேவையில்லாத வழக்குகளில்தான் மார்ஷல் தன் பெரிய கோட்பாடுகளை நட்டார். மற்ற வழக்குகளுக்கும் இது பொருந்துகிறதா என்று பேசலாம்.

சட்டமாணவி_தஞ்சை எழுதியது:

அண்ணா, இரண்டு சந்தேகம். முத்திரை வைத்தவரே நீதிபதியாக உட்கார்ந்தது எப்படிச் சரி? விலகியிருக்க வேண்டாமா? இன்னொன்று, நீதிப்புனராய்வை மார்ஷல்தான் கண்டுபிடித்தார் என்று எங்கள் வகுப்பில் சொல்கிறார்கள். அது உண்மையா?

வழக்குரைஞர்_கோவை எழுதியது:

முதல் கேள்விக்கு இன்றைய அளவுகோலில் ஒரே பதில்தான்மா, விலகியிருக்க வேண்டும். அவர் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியவர். ஆணைகளுக்கு முத்திரை விழுந்தது என்பதை நிரூபிக்க மார்பரியின் வக்கீல் சார்லஸ் லீ குமாஸ்தாக்களை விசாரித்துப் படாத பாடு பட்டார். உண்மை முழுதும் தெரிந்தவர் மேடையில் தலைமை நீதிபதியாக உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது கேள்விக்கு, கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788இலேயே இதே வாதத்தை எழுதியிருக்கிறார். 1796இல் ஹில்டன் வழக்கில் குதிரை வண்டிகள் மீது காங்கிரஸ் போட்ட வரி அரசியல் சட்டப்படி சரியா என்று உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து, சரி என்றது. ஆராயும் அதிகாரம் இருப்பதாக நினைத்ததால்தானே ஆராய்ந்தார்கள்? காங்கிரஸின் சட்டப் பிரிவு ஒன்றை முதன்முதலாகச் செல்லாது என்று சொன்னதும், அதற்கான நியாயத்தை வரிசையாக எழுதி வைத்ததும் மார்ஷல்.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மாநிலம் எதிர் வி.ஜி.ரோ வழக்கில், 1952இல், நம் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி இதைத் தொட்டுப் பேசினார். அமெரிக்க நீதிமன்றம் இந்த அதிகாரத்தைப் பொருள் விரித்துத் தானே எடுத்துக்கொண்டது, நம் அரசியல் சட்டமோ அதை வெளிப்படையாகவே எழுதிக் கொடுத்திருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்னும் உறுப்பு 13ஐ எடுத்துப் பார், புரியும். மார்பரி நேராக உச்ச நீதிமன்றம் போய்த் தோற்றார். நம் குடிமகன் அடிப்படை உரிமைக்காக உறுப்பு 32இன் கீழ் நேராகவே போகலாம்.

கரிசல்காடு எழுதியது:

தாமிரபரணி சொல்வதைப் பாதிதான் ஏற்கிறேன். மார்பரி வழக்கை எல்லோரும் கொண்டாடுகிறோம். ஆறு நாள் கழித்து, 1803 மார்ச் 2இல், ஸ்டுவர்ட் எதிர் லெய்ர்டு தீர்ப்பு வந்ததை யார் பேசுகிறார்கள்? அதுதான் அன்றைக்கு உயிர்நிலையான வழக்கு. 1802இல் காங்கிரஸ் ரத்துச் சட்டம் போட்டதால் ஃபெடரலிஸ்டுகள் புதிதாக நியமித்த 16 சுற்று நீதிமன்ற நீதிபதிகளின் வேலை போயிற்று. நன்னடத்தை உள்ளவரை நீதிபதிகளை நீக்க முடியாது என்று அரசியல் சட்டம் சொல்கிறதே, இது செல்லுமா என்று யாராவது கேட்க வேண்டிய இடம் அதுதான். மார்ஷல் கீழ்நிலையில் அந்த வழக்கை விசாரித்திருந்ததால் ஒதுங்கிக்கொண்டார். நீதிபதி பேட்டர்சன் சுருக்கமாக எழுதி, ரத்துச் சட்டம் செல்லும் என்று முடித்தார். நீக்கப்பட்ட நீதிபதிகளின் கேள்வியை அவர் தொடவே இல்லை.

யாருக்கும் தேவைப்படாத ஒரு பிரிவை அடித்துவிட்டு, ஆட்சியிலிருந்த கட்சி உயிராக நினைத்த சட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த முறை காங்கிரஸின் முக்கியமான சட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது 1857இல், டிரெட் ஸ்காட் வழக்கில். அங்கே அந்த அதிகாரம் யாருக்குப் பயன்பட்டது? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. கருப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது என்று எழுதிய தீர்ப்பு அது. அதிகாரத்தின் பிறப்பைக் கொண்டாடும்போது அதன் முதல் பெரிய பயனையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ரிச்மண்ட்வாசி எழுதியது:

கரிசல்காடு சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மார்ஷல் காலத்துத் தீர்ப்புகளின் உண்மையான கனம் காங்கிரஸ் சட்டங்களை அடித்ததில் இல்லை என்பது என் எண்ணம். மாநிலங்களுக்கு எதிராக மத்திய அரசை நிலைநிறுத்தியதில்தான் இருக்கிறது. அதற்கு மெக்கல்லக் எதிர் மேரிலாந்து, 1819, ஒன்றே போதும்.

வாஷிங்டனில் காங்கிரஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அன்றைய நீதிமன்ற அறையைப் பழையபடி புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் போகலாம். தாழ்வான அறை, கூரையின் வளைவுகள் விரித்த குடையின் கம்பிகள் போல ஒரு புள்ளியிலிருந்து பிரிந்து வருகின்றன. 1814இல் ஆங்கிலேயப் படை கட்டடத்துக்குத் தீ வைத்த பிறகு, 1819இல்தான் நீதிபதிகள் அங்கே திரும்பினார்கள். திரும்பியதும் நடந்த பெரிய வாதம் இதுதான். பிப்ரவரி 22இல் தொடங்கி ஒன்பது நாள். இன்றைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெரும்பாலும் ஒரு தரப்புக்கு அரை மணிதான் தருகிறார்கள்.

வழக்கு என்னவென்றால், 1816இல் காங்கிரஸ் இரண்டாவது ஐக்கிய அமெரிக்க வங்கியை உருவாக்கியது. மூலதனம் மூன்றரைக் கோடி டாலர், ஐந்தில் ஒரு பங்கு மத்திய அரசுடையது. மாநில வங்கிகளுக்கு இது பிடிக்கவில்லை. மேரிலாந்து 1818இல் ஒரு சட்டம் போட்டது: மாநிலத்தின் உரிமம் இல்லாத வங்கி நோட்டு வெளியிட்டால் மாநிலத்தின் முத்திரைத் தாளில்தான் வெளியிட வேண்டும், இல்லையென்றால் ஆண்டுக்கு 15,000 டாலர் கட்ட வேண்டும். பால்டிமோர் கிளையின் காசாளர் ஜேம்ஸ் மெக்கல்லக் முத்திரை இல்லாமலே நோட்டு வெளியிட்டார். மாநிலம் வழக்குப் போட்டு மாநில நீதிமன்றங்களில் ஜெயித்தது.

வங்கிக்காக டேனியல் வெப்ஸ்டர், வில்லியம் பிங்க்னி, அட்டர்னி ஜெனரல் வில்லியம் வர்ட். மேரிலாந்துக்காக நின்றவர்களில் முக்கியமானவர் லூத்தர் மார்ட்டின். அவர் 1787இல் அரசியல் சட்டம் வரைந்த மாநாட்டிலேயே உறுப்பினர், மத்திய அரசுக்கு அதிகாரம் கூடிப்போகிறது என்று கையெழுத்துப் போடாமல் வெளியேறியவர். முப்பது வருடம் கழித்து அதே சண்டையை நீதிமன்றத்தில் தொடர்ந்தார்.

வங்கி தொடங்கலாம் என்று அரசியல் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. அது மார்ட்டினின் பலமான ஆயுதம். தன் அதிகாரங்களை நிறைவேற்ற "தேவையான, பொருத்தமான" சட்டங்களைக் காங்கிரஸ் போடலாம் என்று மட்டும்தான் இருக்கிறது. மேரிலாந்து தரப்பு சொன்னது, தேவை என்றால் அது இல்லாமல் முடியவே முடியாது என்ற நிலை இருக்க வேண்டும். மார்ஷல் அதே ஆவணத்தின் இன்னொரு பிரிவைக் காட்டினார். இறக்குமதி மீது மாநிலங்கள் வரி போடுவதைத் தடுக்கும் இடத்தில் "முற்றிலும் தேவையான" என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே அந்த "முற்றிலும்" இல்லை. எழுதியவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. நோக்கம் அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்து, அந்த நோக்கத்துக்கு இசைந்த வழியாக இருந்து, எங்கும் தடைசெய்யப்படாததாக இருந்தால், காங்கிரஸ் தேர்ந்தெடுத்த வழி செல்லும். எதிர்காலத்தின் எல்லா நெருக்கடிகளையும் முன்கூட்டியே பட்டியல் போட முடியாது, பல தலைமுறைகளுக்காக எழுதப்பட்ட ஆவணம் இது என்றார்.

வரிப் பகுதியில் அவர் சொன்ன நியாயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மாநிலம் தன் மக்களுக்கு வரி போட்டால், தாங்காதபோது அந்த மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றலாம். அதுதான் வரிக்குப் பாதுகாப்பு. நாடு முழுவதற்கும் சொந்தமான நிறுவனத்துக்கு மேரிலாந்து வரி போட்டால், நியூயார்க்காரரும் கென்டக்கிக்காரரும் அந்த வரியைச் சுமக்கிறார்கள், மேரிலாந்தில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. வரி போடும் அதிகாரத்துக்குள் அழிக்கும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது என்று அவர் எழுதியது இந்த இடத்தில்தான்.

வாதம் முடிந்த மூன்றாம் நாள், மார்ச் 6, ஒருமனதான தீர்ப்பு.

தாமிரபரணி கேட்ட கேள்விக்கு இது பொருந்துகிறது. மேரிலாந்து எதையும் செய்ய வேண்டியதில்லை. வங்கி வரி கட்டாமல் இருந்தால் போதும்.

கரிசல்காடு எழுதியது:

தீர்ப்பு வந்த அதே காலத்தில் அந்தக் கிளைக்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெக்கல்லக்கும் கிளைத் தலைவர் ஜேம்ஸ் புக்கானனும் கூட்டாளிகளும் போதிய ஈடு இல்லாமல் வங்கிப் பணத்தைத் தங்களுக்கே கடனாக எடுத்து வங்கிப் பங்குகளில் சூதாடியிருந்தார்கள். பால்டிமோரில் நஷ்டம் சுமார் 15 லட்சம் டாலர். கிரிமினல் வழக்கு நடந்தது, கடைசியில் விடுதலையானார்கள். (அந்த புக்கானன் பின்னாளில் அதிபரானவர் இல்லை, வேறு ஆள்.) 1819இல் நாடு முழுவதும் பொருளாதார நெருக்கடி, வங்கி கடன்களைத் திரும்பக் கேட்டு நெருக்கியதில் விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். அந்தச் சூழலில் "வங்கிக்கு வரி கூடாது" என்ற தீர்ப்பு சாதாரண மனிதருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? மேற்கிலும் தெற்கிலும் எழுந்த கோபத்தை மாநில வெறி என்று ஒதுக்கிவிட முடியாது.

ரிச்மண்ட்வாசி எழுதியது:

உண்மைதான். வர்ஜீனியாவில் எழுந்த எதிர்ப்பு மார்ஷலை ரொம்பவே உலுக்கியது. வர்ஜீனியாவின் உயர்ந்த நீதிமன்ற நீதிபதி ஸ்பென்சர் ரோன் புனைபெயரில் செய்தித்தாளில் தீர்ப்பைக் கிழித்தார். பதவியிலிருந்த தலைமை நீதிபதி மார்ஷலும் புனைபெயரில் பதில் கட்டுரைகள் எழுதினார். தன் தீர்ப்பைத் தானே பத்திரிகையில் காக்கும் அளவுக்கு அந்த நீதிமன்றத்தின் நிலை இன்னும் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

சட்டமாணவி_தஞ்சை எழுதியது:

கோஹென்ஸ் எதிர் வர்ஜீனியா, கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் இரண்டும் பாடத்தில் இருக்கின்றன. தாமிரபரணி அண்ணா சொல்லும் கணக்கில் அவை எங்கே வரும்?

தாமிரபரணி எழுதியது:

கோஹென்ஸ், 1821, என் கட்சிக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சி. கோஹென் சகோதரர்கள் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் வாஷிங்டன் நகர லாட்டரிச் சீட்டு விற்றார்கள். வர்ஜீனியா 100 டாலர் அபராதம் போட்டது. எங்கள் மாநிலத்துக் குற்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடே கிடையாது என்று வர்ஜீனியா வாதிட்டது. மார்ஷல் நீண்ட தீர்ப்பு எழுதி, உண்டு என்று நிறுவினார். மாநில நீதிமன்றங்களில் அரசியல் சட்டக் கேள்வி எழுந்தால் கடைசிச் சொல் எங்களுடையது என்றார். பிறகு வழக்கின் உள்ளே போய், அந்த லாட்டரி உரிமம் தலைநகருக்குள் மட்டும்தான் செல்லும், அபராதம் சரி என்று வர்ஜீனியாவையே ஜெயிக்க வைத்தார். ஜெயித்த மாநிலம் எதை மீற முடியும்?

கிப்பன்ஸ், 1824, நீராவிப் படகு வழக்கு. நியூயார்க் மாநிலம் தன் நீர்வழிகளில் நீராவிப் படகு ஓட்டும் ஏகபோகத்தை ராபர்ட் லிவிங்ஸ்டனுக்கும் ராபர்ட் ஃபுல்டனுக்கும் கொடுத்திருந்தது. அவர்கள் வழியாக உரிமை பெற்றவர் ஆரன் ஆக்டன். தாமஸ் கிப்பன்ஸ் 1793 மத்தியச் சட்டத்தின் கீழ்க் கடலோர உரிமம் வாங்கிக்கொண்டு நியூஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்குப் படகு விட்டார். அவருடைய படகுத் தலைவர் இளம் கார்னீலியஸ் வாண்டர்பில்ட், பின்னாளில் ரயில் கோடீஸ்வரர். கைது ஆணையோடு வரும் நியூயார்க் அதிகாரிகளுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டே ஓட்டினார். நியூஜெர்சியும் கனெக்டிகட்டும் பதிலுக்கு நியூயார்க் படகுகளுக்கு எதிராகச் சட்டம் போட்டன. ஒரே நாட்டுக்குள் மூன்று மாநிலங்கள் படகுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

வணிகம் என்பது சரக்கை வாங்கி விற்பது மட்டும்தான் என்று ஆக்டன் தரப்பு சொன்னது. போக்குவரத்தும் அதில் அடங்கும், மாநில எல்லையில் அது நின்றுவிடாது, மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் விழும் என்றார் மார்ஷல். இங்கேயும் யாரும் எதையும் செய்ய வேண்டாம், படகுகள் ஓடினால் போதும். ஏகபோகத்தால் கட்டண உயர்வைச் சுமந்த நியூயார்க் மக்களே சந்தோஷப்பட்டார்கள்.

கரிசல்காடு எழுதியது:

அந்தத் தீர்ப்பில் அவர் தவிர்த்ததையும் பார்க்க வேண்டும். மாநிலங்களுக்கிடையிலான வணிகம் முழுக்க மத்திய அரசுக்கு மட்டும்தானா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நெருங்கி வந்து, கடைசியில் 1793 உரிமச் சட்டத்தோடு மோதல் என்ற குறுகிய காரணத்தில் நிறுத்தினார். காரணம் எளிது. ஆட்கள் பயணம் செய்வதும் வணிகம் என்றால், அடிமைகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதையும் காங்கிரஸ் கட்டுப்படுத்தலாமே? தெற்கத்திய அரசியல்வாதிகளுக்கு அந்தப் பயம் உடனே வந்தது. மார்ஷலே அடிமைகளை வைத்திருந்தவர்.

வழக்குரைஞர்_கோவை எழுதியது:

தாமிரபரணி சார், உங்கள் கட்சிக்கு எதிராக ஒரு வழக்கை வைக்கிறேன். ஆஸ்பர்ன் எதிர் ஐக்கிய அமெரிக்க வங்கி, 1824. மெக்கல்லக் தீர்ப்பு வந்த பிறகும் ஒஹாயோ மாநிலம் அடங்கவில்லை. வங்கியின் ஒவ்வொரு கிளைக்கும் 50,000 டாலர் வரி போட்டது. 1819 செப்டம்பரில் மாநில ஆட்கள் சில்லிகாத்தி கிளைக்குள் புகுந்து, பெட்டகத்திலிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் அள்ளிக்கொண்டு போய் மாநிலக் கருவூலத்தில் சேர்த்துவிட்டார்கள். மத்திய நீதிமன்றம் திருப்பித் தரச் சொன்னது. மாநிலக் கருவூல அதிகாரி மறுத்தார். அவரைச் சிறையில் வைத்து, சாவியை வாங்கி, நீதிமன்றத்தின் ஆட்களே கருவூலத்தைத் திறந்து பணத்தை எடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அடிப்படைத் தீர்ப்பை உறுதி செய்தது. இங்கே எதிராளி அடங்கித்தானே ஆக வேண்டியிருந்தது?

தாமிரபரணி எழுதியது:

அருமையான வழக்கு சார். ஆனால் சாவி யார் கைக்குப் போனது என்று பாருங்கள். உத்தரவு போட்டது அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்த மத்திய நீதிமன்றம். கருவூலத்தைத் திறந்தவர்கள் அதன் ஆட்கள். அன்றைய அதிபர் மன்றோவின் ஆட்சி வங்கிக்கு ஆதரவானது. வாஷிங்டனில் யாரும் அந்த உத்தரவுக்குக் குறுக்கே நிற்கவில்லை. நிறைவேற்றும் கை நீதிமன்றத்தின் பக்கம் இருந்தால் மாநிலத்தைப் பணியவைக்க முடியும் என்பதைத்தான் ஒஹாயோ காட்டுகிறது. அந்தக் கை விலகினால் என்ன ஆகும் என்பதைக் காட்டுவது ஜார்ஜியா.

வூஸ்டர் எதிர் ஜார்ஜியா, 1832. இதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன், என்னைப் பொறுத்தவரை இந்த இழையே அதற்காகத்தான்.

செரோக்கி என்ற பூர்வகுடி மக்களுக்கு அன்று எழுதப்பட்ட அரசியல் சட்டம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது. செகோயா என்ற செரோக்கியர் 1821 வாக்கில் தன் மொழிக்கு எழுத்துமுறை உருவாக்கினார். 1828இல் செரோக்கித் தலைநகர் நியூ எகோட்டாவிலிருந்து அந்த எழுத்தில் செய்தித்தாள் வந்தது. அதற்கு அச்செழுத்து வரவழைக்க உதவியவர் சாமுவேல் வூஸ்டர் என்ற பாதிரியார். அதே காலத்தில் அந்த நிலத்தில் தங்கம் கிடைத்தது. ஜார்ஜியா தன் சட்டங்களைச் செரோக்கி நிலத்துக்கும் நீட்டியது. அங்கே வாழும் வெள்ளையர்கள் மாநில உரிமம் வாங்கி, மாநிலத்துக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. செரோக்கியருக்குத் துணை நிற்கும் பாதிரியார்களை வெளியேற்றுவதுதான் நோக்கம். வூஸ்டர் மறுத்தார். 1831இல் அவருக்கும் இன்னும் பத்துப் பேருக்கும் நான்கு ஆண்டு கடுங்காவல். மன்னிப்பு வாங்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். ஒன்பது பேர் வாங்கிக்கொண்டார்கள். வூஸ்டரும் மருத்துவர் எலைசர் பட்லரும் சிறைக்குள் போனார்கள்.

மெக்கல்லக் வழக்கில் வாதாடிய அதே வில்லியம் வர்ட் இவர்களுக்காக நின்றார். ஜார்ஜியா வக்கீலைக் கூட அனுப்பவில்லை. 1832 மார்ச் 3 அன்று, 76 வயது மார்ஷல் தீர்ப்பை வாசித்தார். செரோக்கி நாடு தனக்கென்று எல்லை கொண்ட தனிச் சமூகம், அங்கே ஜார்ஜியாவின் சட்டத்துக்குச் செல்லுபடி இல்லை, அவர்களோடு உறவு வைத்துக்கொள்வது மத்திய அரசின் வேலை. தண்டனை ரத்து.

இங்கே ஒரு சிறைக் கதவு திறக்க வேண்டும். ஜார்ஜியா திறக்கவில்லை. மாநில நீதிமன்றம் உத்தரவை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமோ அந்த அமர்வை முடித்துக் கலைந்துவிட்டது, அடுத்த அமர்வு 1833 ஜனவரியில். அதுவரை அடுத்த கட்ட நடவடிக்கைக்கே வழியில்லை. "மார்ஷல் தீர்ப்பு சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றட்டும்" என்று அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் சொன்னதாக எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை, அவர் இறந்து பல வருடம் கழித்து அச்சில் வந்த பேச்சு. தன் நண்பர் ஜான் காஃபிக்கு அவர் உண்மையிலேயே எழுதிய கடிதம் இருக்கிறது. நீதிமன்றத்தின் முடிவு செத்துப் பிறந்துவிட்டது, ஜார்ஜியாவைப் பணியவைக்க அதனால் முடியாது என்று அதில் எழுதினார்.

வூஸ்டர் வெளியே வந்தது வேறு காரணத்தால். 1832 நவம்பரில் தென் கரோலினா, மத்தியச் சுங்க வரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. அதை அடக்கப் புறப்பட்ட ஜாக்சனுக்கு, பக்கத்து ஜார்ஜியாவும் அந்தப் பக்கம் சேர்ந்துவிடக் கூடாது. ஜார்ஜியா ஆளுநர் லம்ப்கினோடு பேச்சு நடந்தது, பாதிரியார்கள் வழக்கை மேலும் நடத்துவதில்லை என்றார்கள், 1833 ஜனவரியில் விடுதலை. செரோக்கி நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 1835இல் ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை, தலைவர் ஜான் ராஸின் எதிர்ப்பையும் மீறிச் செனட் ஏற்றது. 1838இல் படையை அனுப்பி மக்களை மேற்கே ஓட்டினார்கள். சுமார் 16,000 பேரில் 4,000 பேர் வரை இறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

கரிசல்காடு எழுதியது:

இதைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. ஆனாலும் மார்ஷலை இந்தக் கதையில் நல்லவராக மட்டும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. 1823இல் ஜான்சன் எதிர் மெக்கின்டாஷ் வழக்கில், ஐரோப்பியர் "கண்டுபிடித்த" நிலத்தில் பூர்வகுடிகளுக்குக் குடியிருக்கும் உரிமைதான் உண்டு, முழு உடைமை இல்லை என்று எழுதியவர் அவர்தான். 1831இல் செரோக்கி நாடே நேரடியாக வழக்குப் போட்டபோது, நீங்கள் வெளிநாடு அல்ல, உள்நாட்டுச் சார்பு நாடு என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அந்த மக்கள் கேட்டபோது கதவு சாத்தியிருந்தது, ஒரு வெள்ளைப் பாதிரியார் கேட்டபோது திறந்தது.

வழக்குரைஞர்_கோவை எழுதியது:

சாத்திய கதவுதான். ஆனால் அந்த 1831 தீர்ப்பிலேயே நீதிபதிகள் தாம்சனும் ஸ்டோரியும் மாறுபட்டு, செரோக்கியர் தனி நாடுதான் என்றார்கள். மார்ஷல் ஒரே வருடத்தில் அந்தப் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறார் என்பதை வூஸ்டர் தீர்ப்பைப் படிக்கிறவர்கள் உணரலாம். அதை அவர் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

சட்டமாணவி_தஞ்சை எழுதியது:

வூஸ்டர் தீர்ப்பு அதோடு செத்துப்போய்விட்டதா? இன்றைக்கு யாராவது அதை மேற்கோள் காட்டுகிறார்களா?

ரிச்மண்ட்வாசி எழுதியது:

இன்றுவரை நீதிமன்றத்தில் அதை வைத்துச் சண்டை நடக்கிறது தங்கச்சி. 2020இல் மெக்கர்ட் எதிர் ஓக்லஹோமா வழக்கில், கிழக்கு ஓக்லஹோமாவில் கிரீக் என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒதுக்கிய நிலம் சட்டப்படி இன்னும் பூர்வகுடி நிலமாகவே நீடிக்கிறது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நீதிபதி கோர்சச் எழுதினார், வூஸ்டரை மேற்கோள் காட்டினார். ஓக்லஹோமா மாநில நீதிமன்றங்கள் அதே வழியில் செரோக்கி நிலத்தையும் அப்படியே ஏற்றன. செரோக்கியரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த இடம்தான் இன்றைய ஓக்லஹோமா.

இரண்டே ஆண்டில், 2022இல், ஓக்லஹோமா எதிர் காஸ்ட்ரோ வெர்ட்டா. பூர்வகுடியினர் மீது வெளியார் செய்யும் குற்றங்களை மாநிலமும் விசாரிக்கலாம் என்று அதே நீதிமன்றம், அதுவும் 5க்கு 4. நீதிபதி காவனா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, வூஸ்டரின் அணுகுமுறையை நீதிமன்றம் எப்போதோ கைவிட்டுவிட்டது என்றது. கோர்சச்சின் மாறுபட்ட தீர்ப்பு 1832இன் கதையிலிருந்துதான் தொடங்குகிறது. அன்று உறுதியாக நின்ற இடத்தில் இன்று இந்த நீதிமன்றம் வாடிப்போகிறது என்று எழுதினார். மார்பரியோடு சேர்த்து அந்த மாறுபட்ட தீர்ப்பையும் படி. வழக்கில் பாதிக்கப்பட்டது ஒரு செரோக்கிச் சிறுமி.